ஒரு நாடு அளித்த மூன்று வாக்குறுதிகள்

வங்கிக் கிளைகளில் பணியாற்றும் எங்களிடம் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளுள் மிகப் பழைய கேள்வி ஒன்று உண்டு. குறித்தகால வைப்புக்கான ரசீதைப் பெற்று, பெயரையும் முதிர்வுத் தேதியையும் சரிபார்த்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகு, எழுந்திருக்கும் முன் சற்றுத் தயங்கி, "பணம் பத்திரமாக இருக்கும் அல்லவா?" என்று வினவுவார்கள். கேட்பவர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவராகவோ, மகளின் திருமணத்துக்குச் சேமிக்கும் தாயாகவோ இருப்பார். "கவலை வேண்டாம்" என்று நாங்களும் புன்னகையுடன் விடையளிக்கிறோம்.

அந்த இரண்டு சொற்களைச் சொல்லும் துணிவு எங்களுக்கு எங்கிருந்து வந்தது? தனியொரு வங்கியின் பெட்டகத்திலுள்ள ரொக்கம் மட்டும் அத்துணிவைத் தந்துவிட முடியாது. அதன் பின்னால் சட்டங்களும் மேற்பார்வையும் காப்பீடும் உள்ளன. இவற்றுள் பலவற்றின் வரலாறு, 1930-களின் அமெரிக்காவில் மூடிய வங்கிக் கதவுகளுக்கு முன்னே காத்திருந்த மக்களிடம் நம்மை அழைத்துச் செல்கிறது.

1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம், அடுத்து வந்த இரண்டாம் உலகப் போர், அதன்பின் சோவியத் ஒன்றியத்துடன் நாற்பதாண்டுக்கு மேல் நீடித்த பனிப்போர் ஆகியவற்றை அரசியல் வரலாறாகப் பலரும் படித்திருப்போம். இக்கட்டுரையில் அதே காலத்தை ஒரு சேமிப்பாளரின் கண்கொண்டு காண்போம். அக்காலத்தில் அமெரிக்க அரசு பணம் குறித்து மூன்று பெரிய வாக்குறுதிகளை அளித்தது. முதலாவது தன் நாட்டின் வைப்பாளர்களுக்கு. இரண்டாவது போருக்குக் கடன் கொடுத்த குடிமக்களுக்கு. மூன்றாவது உலக நாடுகளுக்கு. இவற்றுள் இரண்டு நிலைத்தன, ஒன்று முறிந்தது. அதற்கான காரணங்களை அறிவது நமக்கும் பயனுடையது.

பெருமந்தமும் மூடிய கதவுகளும்

1929 செப்டம்பர் 3 அன்று நியூயார்க் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 381 புள்ளிகளில் நின்றது. அக்டோபர் இறுதியில் சந்தை சரிந்தது. சரிவு அத்துடன் நிற்கவில்லை. 1932 ஜூலை 8 அன்று அக்குறியீடு 41 புள்ளிகளுக்கு இறங்கியது. நூறு டாலர் மதிப்பிருந்த முதலீடு ஏறத்தாழ பதினோரு டாலராகச் சுருங்கியது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

ஆயினும், அன்றைய அமெரிக்கர்களுள் பங்கு வைத்திருந்தோர் சிறுபான்மையினரே. பெருமந்தத்தைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தவை விலைவீழ்ச்சியும் வங்கிகளின் முறிவும்தான். 1929-இல் ஒரு புஷல் கோதுமை ஒரு டாலருக்கு மேல் விற்றது. 1932-இல் நாற்பது சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. விளைபொருளின் விலை இறங்கினாலும் உழவரின் கடன் இறங்குவதில்லை. ஆயிரம் டாலர் கடனை அடைக்க முன்பு ஆயிரம் புஷலுக்கும் குறைவாக விற்றவர், இப்போது இரண்டாயிரத்து ஐந்நூறு புஷல் விற்க வேண்டியிருந்தது. அவரால் அடைக்க இயலாதபோது, அவருக்குக் கடன் கொடுத்த ஊர் வங்கியும் தள்ளாடியது.

அமெரிக்க வங்கி அமைப்பிலேயே ஒரு பலவீனமும் இருந்தது. 1929-இல் அந்நாட்டில் சுமார் 25,000 வங்கிகள் இயங்கின. பல மாநிலங்களில் கிளைகள் திறக்கச் சட்டம் இடமளிக்கவில்லை. எனவே, பெரும்பாலானவை ஒரே அலுவலகம் கொண்ட சிறு வங்கிகளாகவே இருந்தன. அந்த வட்டாரத்தில் பயிர் பொய்த்தால் வங்கியின் வைப்பும் கடனும் ஒருங்கே பாதிக்கப்பட்டன. அண்டை நாடான கனடாவில் நாடு முழுவதும் கிளை பரப்பிய சில பெரிய வங்கிகளே இருந்தன. பெருமந்தம் அந்நாட்டையும் கடுமையாக வாட்டியது. ஆனால் அங்கே ஒரு வங்கிகூட முறியவில்லை. இடர் ஓரிடத்தில் குவிவதற்கும் பரவி நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வங்கித் தொழிலின் அடிப்படையை இங்கே சுருக்கமாக நினைவுகூர்வோம். வாடிக்கையாளர் செலுத்தும் வைப்பு முழுவதும் பெட்டகத்தில் உறங்குவதில்லை. அதில் ஒரு பகுதியை ரொக்கமாக நிறுத்தி, மீதியை வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் பத்திரங்களாகவும் வங்கி மாற்றுகிறது. வைப்பாளர் கேட்ட உடனே பணம் தர வேண்டும். கடன் பெற்றவரோ பல ஆண்டுகளில்தான் திருப்பிச் செலுத்துவார். நாள்தோறும் சிலர் எடுக்க, சிலர் செலுத்த, இந்த ஏற்பாடு சீராக நடக்கும். எல்லோரும் ஒரே நாளில் எடுக்க வந்தால், நல்ல கடன்களையே கொடுத்துள்ள நேர்மையான வங்கியாலும் ஈடுகொடுக்க இயலாது. பத்திரங்களை அவசரமாக விற்றால் அவற்றின் விலை சரியும், நட்டம் பெருகும், அச்சம் உண்மையாகிவிடும். வரிசையில் முதலில் நிற்பவருக்குப் பணம் கிடைக்கும், கடைசியில் நிற்பவருக்குக் கிடைக்காது என்ற நிலையில், ஓடிச்சென்று வரிசையில் நிற்பதைப் பகுத்தறிவற்ற செயல் என்றும் சொல்வதற்கில்லை.

1930 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கில் 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' மூடப்பட்டது. பெயரில் நாடு இருந்தாலும் அது தனியார் வங்கியே. அதன் வைப்பாளர்கள் சுமார் நான்கு லட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் குடியேறிய தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் ஆவர். 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் கதவடைத்தன. வைப்பாளர்கள் இழந்த தொகை சுமார் 130 கோடி டாலர். நாட்டின் பணப்புழக்கம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. 1933 தொடக்கத்தில் தொழிலாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு

1933 மார்ச் 4 அன்று ஃபிராங்கிளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அதற்கு முன்பே மிச்சிகன் தொடங்கிப் பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் வங்கிகளை மூடியோ, பணம் எடுப்பதற்கு வரம்பு விதித்தோ இருந்தன. மார்ச் 6 அன்று புதிய தலைவர் நாடு முழுவதும் வங்கி விடுமுறை அறிவித்தார். மார்ச் 9 அன்று அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது. அதன்படி வங்கிகளின் கணக்குகள் ஆராயப்பட்டு, நிலை உறுதியானவற்றுக்கு மட்டும் மீண்டும் திறக்க உரிமம் தரப்பட்டது. அவற்றுக்கு வேண்டிய ரொக்கத்தை ஃபெடரல் ரிசர்வ் வழங்கவும் வகை செய்யப்பட்டது.

சட்டம் இயற்றியாயிற்று, கதவு திறக்கும் நாளில் மக்கள் பணம் போட வருவார்களா, எடுக்க வருவார்களா என்பதை எந்தச் சட்டத்தாலும் கட்டளையிட முடியாது. மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். கோடிக்கணக்கானோர் செவிமடுத்த அவ்வுரை கால் மணி நேரத்துக்கும் குறைவானது. வங்கியில் போடும் பணம் பெட்டகத்தில் பூட்டி வைக்கப்படுவதில்லை, அது கடனாகவும் முதலீடாகவும் உழைக்கிறது என்பதிலிருந்து தொடங்கி, வங்கிகள் ஏன் மூடப்பட்டன, எந்த வரிசையில் திறக்கப்படும் என்பதை எளிய சொற்களில் விளக்கினார். எல்லா வங்கிகளும் திறக்கப்படும் என்று அவர் வாக்களிக்கவில்லை. சில வைப்பாளர்கள் இழப்பைச் சந்திக்கக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. திறக்கப்படும் வங்கியில் பணத்தை வைப்பது மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடப் பாதுகாப்பானது என்று மட்டும் உறுதி கூறினார்.

மறுநாள் திங்கட்கிழமை, ஃபெடரல் ரிசர்வ் அமைந்த பன்னிரண்டு நகரங்களில் வங்கிகள் திறந்தன. வரிசைகள் மீண்டும் தோன்றின. இம்முறை மக்கள் பணத்தைத் திரும்பச் செலுத்தவே வந்திருந்தனர். வீடுகளில் பதுக்கப்பட்டிருந்த ரொக்கத்தில் பாதிக்கு மேல் இரண்டு வாரங்களுக்குள் வங்கிகளுக்குத் திரும்பியது. மார்ச் 15 அன்று மீண்டும் இயங்கிய பங்குச் சந்தை ஒரே நாளில் 15 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது.

வங்கித் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்நிகழ்ச்சியில் ஒரு பாடம் உண்டு. வாடிக்கையாளரிடம் உண்மையை, அவருக்குப் புரியும் மொழியில், தெரிந்த அளவுக்குச் சொல்வதே நம்பிக்கையின் தொடக்கம். மிகையாக வாக்களிப்பவர் பெறும் நம்பிக்கை அடுத்த நெருக்கடி வரைதான் நீடிக்கும்.

முதல் வாக்குறுதி: வைப்புக் காப்பீடு

வானொலி உரை ஒரு வாரத்துக்குப் போதுமானது. நிலையான ஏற்பாடு வேறு தேவைப்பட்டது. 1933 ஜூன் 16 அன்று நிறைவேறிய வங்கிச் சட்டம், வணிக வங்கிப் பணியையும் பங்கு வெளியீட்டுப் பணியையும் பிரித்தது. கூட்டாட்சி வைப்புக் காப்பீட்டுக் கழகத்தையும் நிறுவியது. செனட்டர் கார்ட்டர் கிளாஸ், பிரதிநிதி ஹென்றி ஸ்டீகல் ஆகிய இருவரின் பெயரால் அச்சட்டம் இன்றும் அறியப்படுகிறது. ஊரகச் சிறு வங்கிகளின் நலனுக்காகக் காப்பீட்டை விடாது வலியுறுத்தியவர் அலபாமாவைச் சேர்ந்த ஸ்டீகல்.

இத்திட்டத்தை அனைவரும் வரவேற்றுவிடவில்லை. பெரிய வங்கிகள் எதிர்த்தன. ரூஸ்வெல்ட்டே தொடக்கத்தில் தயங்கினார். கவனமாக நடக்கும் வங்கி, கவனமின்றி நடக்கும் வங்கிக்காக ஏன் கட்டணம் செலுத்த வேண்டும்? பணம் எப்படியும் திரும்ப வரும் என்றால் வைப்பாளர் நல்ல வங்கியைத் தேடுவாரா? இக்கேள்விகள் இன்றும் பொருளுடையவை. சட்டம் இதற்கு இரு வகையில் விடை கண்டது. காப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. காப்பீடு பெறும் வங்கி தணிக்கைக்கும் மேற்பார்வைக்கும் உட்பட வேண்டும் என்றது.

1934 ஜனவரி 1 முதல் ஒரு வைப்பாளருக்கு 2,500 டாலர் வரை காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் வரம்பு 5,000 டாலராக உயர்ந்தது. 1934-இல் முறிந்த காப்பீடு பெற்ற வங்கிகள் ஒன்பது மட்டுமே. அன்று முதல் இன்று வரை, காப்பீட்டு வரம்புக்குள் இருந்த வைப்பில் ஒரு சென்ட் கூட எவரும் இழந்ததில்லை என்று அக்கழகம் பெருமையுடன் கூறிக்கொள்கிறது. முதல் வாக்குறுதி நிலைத்தது.

வேலையின்மையை ஒழிக்க ரூஸ்வெல்ட் தொடங்கிய அணைக்கட்டு, காடு வளர்ப்பு, சாலைப் பணி முதலிய 'புதிய ஏற்பாடு' திட்டங்களும், 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் பல குடும்பங்களைக் காத்தன. ஆயினும் மந்தம் முற்றிலும் அகலவில்லை. 1940-இலும் தொழிலாளர்களில் ஏழில் ஒருவர் வேலையின்றி இருந்தார். அந்த நிலையை மாற்றியது போர்.

இரண்டாம் வாக்குறுதி: போர்க்காலச் சேமிப்புப் பத்திரம்

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அமெரிக்கா போரில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. கார் ஆலைகள் டாங்கிகளையும் விமானங்களையும் வார்த்தன. 1944-இல் வேலையின்மை 1.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. கூட்டாட்சி அரசின் கடன் 1941-இல் சுமார் 4,900 கோடி டாலர். 1945-இல் அது 26,000 கோடி டாலரை நெருங்கியது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? வரி ஒரு பகுதி. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பெருந்தொழில்களும் வாங்கிய அரசுப் பத்திரங்கள் மற்றொரு பெரும்பகுதி. இவற்றுடன், தொழிலாளரும் ஆசிரியரும் பள்ளிச் சிறாரும் வாங்கிய 'இ' வரிசைச் சேமிப்புப் பத்திரங்களும் இருந்தன. முதல் பத்திரத்தை 1941 மே 1 அன்று ரூஸ்வெல்ட்டே வாங்கினார்.

இப்பத்திரத்தின் அமைப்பை எங்கள் தொழில்முறையில் பார்க்கும்போது வியப்பு உண்டாகிறது. 18 டாலர் 75 சென்ட் செலுத்தினால் பத்தாண்டு கழித்து 25 டாலர் கிடைக்கும். ஆண்டு வட்டி ஏறத்தாழ 2.9 விழுக்காடு. அவ்வளவு இயலாதவர்கள் 10 சென்ட், 25 சென்ட் வில்லைகளை வாங்கி ஏட்டில் ஒட்டி வரலாம்; ஏடு நிறைந்தால் பத்திரம். சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் பிடித்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. இன்றைய தொடர் வைப்புக் கணக்கின் நெருங்கிய உறவினர் இது எனலாம்.

முதல் உலகப் போரின்போது விற்ற 'லிபர்ட்டி' பத்திரங்களிலிருந்து அரசு ஒரு பாடம் கற்றிருந்தது. அவை சந்தையில் கைமாறக்கூடியவை. போருக்குப் பின் அவற்றின் விலை முகமதிப்புக்குக் கீழே இறங்கியபோது, நாட்டுப்பற்றால் வாங்கிய எளியவர்கள் நட்டத்துக்கு விற்றனர். எனவே 'இ' பத்திரத்தைச் சந்தையில் விற்க முடியாதவாறு அமைத்தனர். வாங்கியவர் அறுபது நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் அரசிடமே முன்கூட்டி அறிவித்த தொகைக்குத் திருப்பித் தரலாம். விலைச்சரிவின் இடரைச் சேமிப்பாளரின் தோளிலிருந்து அரசு தன் தோளுக்கு மாற்றிக்கொண்டது.

இதற்கு வேறொரு நோக்கமும் உண்டு. ஆலைகளில் மிகுநேர வேலை. கை நிறையக் கூலி. ஆனால் கடையில் காரோ குளிர்பதனப் பெட்டியோ இல்லை. அந்தக் கூலி முழுவதும் கிடைத்த சிறு சரக்கைத் துரத்தியிருந்தால் விலைவாசி விண்ணை முட்டியிருக்கும். சேமிப்பு அதனைத் தடுத்தது. சுமார் பதின்மூன்று கோடி மக்கள் தொகையில் எட்டரைக் கோடிப் பேர் போர்ப் பத்திரங்களை வாங்கினர். போர் முடிந்ததும் மந்தம் திரும்பும் என்று அறிஞர் பலர் அஞ்சினர். சேமிப்பு வீடாகவும் வாகனமாகவும் மாறியது, படைவீரர்களுக்குக் கல்வியும் வீட்டுக் கடனும் அளித்த 1944-ஆம் ஆண்டுச் சட்டமும் துணை நின்றது, மந்தம் திரும்பவில்லை. இரண்டாம் வாக்குறுதியும் காப்பாற்றப்பட்டது.

வாக்குறுதிக்கு வெளியே நின்றவர்கள்

இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. 1942 பிப்ரவரியில் பிறப்பித்த ஓர் ஆணையின்படி, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். கடையையும் நிலத்தையும் கிடைத்த விலைக்கு விற்றுச் சென்றனர். யோகோஹாமா ஸ்பெஷி வங்கியின் அமெரிக்கக் கிளைகளை அரசு கையகப்படுத்தியதால், அங்கே பணம் போட்டிருந்தவர்களின் சேமிப்பும் முடங்கியது. போருக்குப் பின் யென்னின் மதிப்பு அடியோடு வீழ்ந்திருந்தது. எந்த மதிப்பில் திருப்பித் தருவது என்ற வழக்கு நீண்டது. ஆயிரக்கணக்கான வைப்பாளர்களுக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 1967. 1988-இல்தான் அரசு முறைப்படி வருத்தம் தெரிவித்து, முகாமில் இருந்து அப்போது உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டமியற்றியது.

அதுபோன்றே, படைவீரர்களுக்கான வீட்டுக் கடன் கறுப்பின வீரர்கள் பலருக்கு நடைமுறையில் எட்டாக்கனியாக இருந்தது. ஒரு வாக்குறுதியை மதிப்பிடும்போது, அது யாருக்கெல்லாம் கிட்டவில்லை என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

மூன்றாம் வாக்குறுதி: தங்கமும் டாலரும்

1944 ஜூலையில், போர் முடியும் முன்னரே, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பிரெட்டன் வுட்ஸில் ஒரு மலைவிடுதியில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினர். 1930-களில் ஒவ்வொரு நாடும் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தும் சுங்கச் சுவர்களை எழுப்பியும் அண்டை நாட்டின் வேலையைப் பறிக்க முயன்றது. அந்நிலை மீண்டும் வரலாகாது என்பதே கூட்டத்தின் நோக்கம். பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் அங்கே உருவாயின.

இந்தியா அப்போது விடுதலை பெறவில்லை. ஆயினும் அதன் குழு அங்கே இருந்தது. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநரான சி. டி. தேஷ்முக் அதில் இடம்பெற்றார். நம் கோயம்புத்தூரின் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் உடன் இருந்தார். போரின்போது இந்தியா வழங்கிய சரக்குகளுக்கும் பணிகளுக்கும் ஈடாக இலண்டனில் சேர்ந்து முடங்கியிருந்த ஸ்டெர்லிங் இருப்பின் கதி என்ன என்பது அவர்கள் எழுப்பிய முதன்மையான கேள்வி. கடன் கொடுத்தவரின் கவலை தனிமனிதருக்கும் நாட்டுக்கும் ஒன்றுதான். மூன்றாண்டுக்குப் பின் சண்முகம் செட்டியார் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார்.

பிரெட்டன் வுட்ஸ் ஏற்பாட்டின் அச்சாணி அமெரிக்க டாலர். மற்ற நாணயங்களின் மதிப்பு டாலருடன் பிணைக்கப்பட்டது. எந்த நாட்டின் மைய வங்கி டாலரைக் கொண்டுவந்தாலும், ஓர் அவுன்ஸ் 35 டாலர் வீதம் தங்கம் தருவதாக அமெரிக்கா உறுதியளித்தது. உலக நாடுகளின் தங்க இருப்பில் பெரும்பகுதி அன்று அமெரிக்காவிடமே இருந்ததால் அவ்வுறுதி எளிதாகத் தோன்றியது. வங்கியாளரின் மொழியில் சொன்னால், அமெரிக்கா உலகின் வங்கியாகவும், மற்ற நாடுகள் அதன் வைப்பாளர்களாகவும் ஆயின.

சோவியத் ஒன்றியமும் அக்கூட்டத்தில் கலந்துகொண்டது. ஆனால் உடன்படிக்கையை ஏற்காமல் விலகியது. இரு வல்லரசுகளின் பாதைகள் பிரிந்தன.

வல்லரசுகளின் போட்டியும் சேமிப்பாளரும்

1947-இல் வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷல் அறிவித்த திட்டத்தின்கீழ், போரால் சிதைந்த மேற்கு ஐரோப்பாவுக்கு நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் சென்றது. 1948-இல் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் வழிகளை அடைத்தபோது, ஏறத்தாழ ஓராண்டு விமானங்களே உணவும் நிலக்கரியும் சுமந்து சென்றன. 1949-இல் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தது. 1950-இல் கொரியப் போர் மூண்டது. 1957-இல் ஸ்புட்னிக் விண்ணில் சுழன்றது. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணைகளால் உலகம் பதின்மூன்று நாள் மூச்சடக்கி நின்றது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளும் பல்கலைக்கழக ஆய்வுகளும் நிலவுப் பயணமும் இப்போட்டியின் பெயரால் நிதி பெற்றன. உணவு உதவியும் வெளியுறவுக் கொள்கையின் கருவியாயிற்று. 1960-களின் நடுவில் நம் நியாய விலைக் கடைகளுக்கு வந்த அமெரிக்கக் கோதுமையை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மறுபக்கத்தில் சேமிப்பாளரின் நிலை எவ்வாறு இருந்தது? சோவியத் தொழிலாளர்களும் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசுப் பத்திரங்களில் செலுத்தினர். பெரும்பாலும் மறுக்க முடியாத வற்புறுத்தலின் பேரில். 1957-இல் குருஷேவின் அரசு அப்பத்திரங்களின் கொடுப்பை இருபதாண்டுக்கு ஒத்திவைத்தது. 1991 ஜனவரியில், புழக்கத்திலிருந்த 50, 100 ரூபிள் தாள்கள் செல்லாதென அறிவித்து, மாற்றிக்கொள்ள மூன்றே நாள் தரப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நாடே மறைந்தது. அடுத்து எழுந்த விலைவாசி வெள்ளத்தில், முதியோர் வாழ்நாள் முழுதும் சேமிப்பு வங்கியில் சேர்த்த தொகை ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகிவிட்டது. ஒரு வல்லரசு வீழ்ந்ததற்குக் காரணங்கள் பல. தன் குடிமக்களின் சேமிப்பை அது நடத்திய விதமும் அவர்கள் அதன்மீது கொண்ட பற்றைக் குறைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மற்றொரு ஞாயிற்றுக்கிழமை

அமெரிக்காவின் மூன்றாம் வாக்குறுதிக்கும் சோதனை வந்தது. வெளிநாடுகளில் படைகள், உதவித் திட்டங்கள், வியட்நாம் போர், உள்நாட்டு நலத்திட்டங்கள் என்று டாலர் வெளியே பாய்ந்தவண்ணம் இருந்தது. உலக வணிகம் பெருக டாலர் பெருக வேண்டும். டாலர் பெருகப் பெருக அதற்கு ஈடான தங்கத்தின் மீது ஐயமும் பெருகும். இந்த முரண்பாட்டைப் பொருளியலாளர் ராபர்ட் டிரிஃபின் 1960-லேயே எச்சரித்தார். 1965-இல் பிரான்சின் தலைவர் டி கோல் டாலருக்குப் பதில் தங்கமே வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். 1940-களின் இறுதியில் சுமார் 2,400 கோடி டாலர் மதிப்பிருந்த அமெரிக்கத் தங்க இருப்பு 1971-இல் 1,000 கோடி அளவுக்குச் சுருங்கியது. வெளிநாடுகள் கையிலிருந்த டாலரோ அதைப்போல் பன்மடங்கு.

1930-இல் நியூயார்க் வீதியில் நடந்தது இப்போது மைய வங்கிகளுக்கிடையே நடந்தது. வரிசையில் நின்றவை நாடுகள்.

1971 ஆகஸ்ட் 15, நாம் விடுதலையின் இருபத்து நான்காம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு தலைவர் ரிச்சர்ட் நிக்ஸன் தொலைக்காட்சியில் தோன்றி, டாலருக்குத் தங்கம் தருவதைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தார். அந்தத் தற்காலிகம் இன்றுவரை முடியவில்லை. இரண்டாண்டுகளில் முக்கிய நாணயங்கள் சந்தையின் போக்கில் மிதக்கத் தொடங்கின. 1933-இன் ஞாயிறன்று ஒரு தலைவர் கதவு திறக்கும் என்றார். 1971-இன் ஞாயிறன்று மற்றொரு தலைவர் கதவு மூடும் என்றார்.

ஏன் இந்த வேறுபாடு? முதல் இரண்டு வாக்குறுதிகளையும் நிறைவேற்றத் தேவையானது டாலர். அதனை உண்டாக்கும் ஆற்றல் அரசிடமே இருந்தது. மேலும், முதலாவதற்கு உச்சவரம்பும் மேற்பார்வையும் இருந்தன. இரண்டாவதற்குக் காலமும் தொகையும் முன்பே வரையறுக்கப்பட்டிருந்தன. மூன்றாவதற்குத் தேவையானது தங்கம். அதனை எந்த அரசாலும் அச்சடிக்க முடியாது. வாக்குறுதி ஆண்டுதோறும் பெருகியது, இருப்பு குறைந்தது, தடுக்கும் மேற்பார்வையாளர் எவரும் இல்லை. தன் ஆற்றலுக்குள் அளந்து கொடுத்த சொல்லே காப்பாற்றப்படும் என்பதே இதன் சாரம்.

நம் கையிலுள்ள ரசீது

1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கியும் மகாராஷ்டிரத்தின் லக்ஷ்மி வங்கியும் முறிந்தபோது, நம் நாட்டிலும் வைப்பாளர்கள் தவித்தனர். அதன் விளைவாக 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவுக்கு அடுத்து நாடளாவிய இத்தகைய ஏற்பாட்டைச் செய்த இரண்டாவது நாடு இந்தியா. அன்று 1,500 ரூபாயாக இருந்த வரம்பு, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ரூபாயாக உள்ளது. இத்தொகை அசலும் வட்டியும் சேர்ந்தது. ஒரே வங்கியின் பல கிளைகளில் ஒருவர் ஒரே நிலையில் வைத்துள்ள வைப்புகள் ஒன்றாகக் கூட்டப்படும். வெவ்வேறு வங்கிகளில் உள்ளவை தனித்தனியே கணக்கிடப்படும். காப்பீட்டுக் கட்டணத்தை வங்கியே செலுத்துகிறது, வாடிக்கையாளரிடம் பெறுவதில்லை.

காலம் மாறினாலும் அச்சத்தின் இயல்பு மாறவில்லை. அமெரிக்காவின் அவசர வங்கிச் சட்டம் நிறைவேறிச் சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் 9 அன்று, சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப்பட்டது. வீதியில் நீண்ட வரிசை ஏதும் தேவைப்படவில்லை. கைபேசித் திரைகளும் கணினிகளும் போதுமாயிருந்தன. வதந்தி ஒன்று கைக்கு எட்டும் வேகத்திலேயே பணமும் வெளியேறும் காலம் இது. ஆகவே வாசகர்களிடம் நாங்கள் வேண்டுவது மூன்று. பகிரப்படும் செய்தியை நம்பும் முன் ரிசர்வ் வங்கியின் அறிவிப்பையோ கிளையையோ கேட்டறியுங்கள். வைப்பு எவ்வளவு, எந்தப் பெயரில், எந்த நிலையில் உள்ளது என்பதைக் குறித்து வையுங்கள். வாரிசு நியமனத்தை இன்றே பதிவு செய்யுங்கள்.

அடுத்த முறை ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பழைய கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பது வைப்பாளரின் உரிமை. தெரிந்ததைத் தெளிவாகவும் வரம்பை மறைக்காமலும் விடை சொல்வது எங்கள் கடமை.